மூளைக்கு லேசர் சிகிச்சை: டெல்டா குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். வலிப்பு மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிற குடும்பங்கள் பல. கொஞ்ச காலமாக அவர்களில் சிலர் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "மண்டையைத் திறக்காமலே லேசர் வைத்து வலிப்பை நிறுத்திவிடுகிறார்களாமே?" என்று கேட்கிறார்கள். மூளைக்கட்டி வந்தவர்களின் வீட்டாரும் இதையே கேட்கிறார்கள். கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

லேசரை வெளியிலிருந்து தலைமேல் அடிப்பார்களா?

இல்லை. மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போகிற ஒளி இல்லை இது. மண்டை ஓட்டில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியாக மெல்லிய ஒளியிழை ஒன்றை மூளைக்குள் செலுத்துகிறார்கள். கோளாறு உள்ள இடத்தில் அதன் முனை போய் நிற்கும். முனையிலிருந்து வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகை. ஒரு கருவியில் அதன் அலைநீளம் 980 நானோமீட்டர், இன்னொன்றில் 1064. அந்த ஒளி சுற்றியுள்ள திசுவைச் சூடாக்குகிறது. சூடு 60 டிகிரியைத் தாண்டினால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதுபோல அந்த இடத்துச் செல்கள் உடனே செயலிழக்கும். 43 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் நீடித்து நின்றாலும் செல்கள் சாகும், ஆனால் மெதுவாக. கெட்ட பகுதியை அறுத்து வெளியே எடுப்பதில்லை. அது உள்ளேயே செத்து, மாதக்கணக்கில் சுருங்கித் தழும்பாகிவிடும்.

மருத்துவமனையில் இதை எல்.ஐ.டி.டி. என்றோ லேசர் அப்ளேஷன் என்றோ சொல்வார்கள். அமெரிக்காவில் இதற்கான கருவிகளுக்கு 2007-லும் 2009-லும் அனுமதி கிடைத்தது.

சிகிச்சை நாளன்று என்னதான் நடக்கும்?

முழு மயக்கம் கொடுப்பார்கள். தலை துளியும் அசையாதபடி பொருத்திவைப்பார்கள். எந்த இடத்தில் துளை போடுவது, எந்தக் கோணத்தில் போவது, எந்த ரத்தக்குழாயைத் தவிர்ப்பது என்பதெல்லாம் முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முடிவாகியிருக்கும். தலைச் சட்டமோ ரோபோ கையோ அந்தக் கணக்குப்படி வழிகாட்டும். தோலில் ஒரு சின்னக் கீறல், எலும்பில் துளை, அதில் ஒரு திருகாணி, அதற்குள் ஒளியிழை. இழையைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. லேசர் முனையே அளவுக்குமேல் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக அந்த உறைக்குள் உப்புநீரோ குளிர்ந்த வாயுவோ ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் நோயாளியை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் வைத்துத்தான் லேசரை இயக்குகிறார்கள். இந்தச் சிகிச்சையின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. திசு சூடாகும்போது அதில் உள்ள நீரின் காந்த அதிர்வு மிக நுட்பமாக மாறும். அந்த மாற்றத்தை எம்.ஆர்.ஐ. அளந்து, எந்தப் புள்ளியில் எத்தனை டிகிரி என்று சில விநாடிக்கு ஒருமுறை திரையில் காட்டும். முதலில் மிகக் குறைந்த சக்தியில் ஒரு சோதனை. இழை சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று உறுதியானதும் சக்தியைக் கூட்டுவார்கள். பார்வை நரம்புப் பாதை, மூளைத்தண்டு போன்ற தொடக் கூடாத இடங்களுக்குப் பக்கத்தில் எல்லைப் புள்ளிகளை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். சூடு அந்தப் புள்ளியில் குறித்த அளவை எட்டினால் லேசர் தானாகவே நின்றுவிடும்.

லேசர் எரிகிற நேரம் என்று பார்த்தால் சில நிமிடங்கள்தான். முன்னேற்பாடும் படமெடுப்பும் சேர்த்துப் பல மணி நேரமாகும். வெளியே காத்திருக்கும் வீட்டார் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நேரமாகிறது என்றாலே உள்ளே ஏதோ தப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம். முடிந்ததும் இழையை உருவிவிட்டு ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

மூளைக்குள் குறிவைத்து ஊசி செலுத்துவது புது வேலையா? பயமாக இருக்கிறதே.

லேசர் புதிது. குறிவைக்கும் கலை நம் மாநிலத்துக்குப் பழையது. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைக் கணக்கிட்டு, அங்கே மட்டும் போய் வேலை செய்கிற ஸ்டீரியோடாக்டிக் முறையை அவருடைய குழு 1960-களிலேயே அங்கே செய்துகொண்டிருந்தது. இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா அந்தக் குழுவில் இருந்தவர். எம்.ஆர்.ஐ. இல்லாத காலம் அது. எக்ஸ்ரேயை வைத்தே கணக்குப் போட்டார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் போட்ட பாதை இது என்பதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வதுண்டு.

எந்தெந்த நோய்க்கு இது?

மாத்திரைக்குக் கட்டுப்படாத, மூளையின் ஒரு குறிப்பிட்ட சின்ன இடத்திலிருந்து கிளம்புகிற வலிப்புக்குத்தான் முக்கியமாகப் பயன்படுகிறது. அடுத்து, ஆழத்தில் இருக்கிற, திறந்து எடுக்க முடியாத சில மூளைக்கட்டிகளுக்கு. கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் பிறகு உண்டாகும் திசு அழிவுக்கும் செய்கிறார்கள்.

பக்கவாதத்துக்கு இது இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு இல்லை. ஞாபக மறதி நோய்க்கு இல்லை. பார்க்கின்சன் நடுக்கத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன: மூளைக்குள் மின்முனை வைப்பது, ஒலி அலையைக் குவித்துச் செய்வது. "நரம்புத் தளர்ச்சிக்கு லேசர்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் மகனுக்கு ரொம்ப வருஷமாக வலிப்பு. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. லேசர் கேட்கலாமா?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதற்கான பதிலைத்தான். லேசரைக் கேட்காதீர்கள். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கும் முழுப் பரிசோதனையைக் கேளுங்கள். அதையும் இன்றே கேளுங்கள்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரிலிருந்து 2000-ல் ஒரு ஆய்வு வெளியானது. புதிதாக மாத்திரை தொடங்கியவர்களில் 100-க்கு 47 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இன்னும் 13 பேருக்கு இரண்டாவது மருந்தில் நின்றது. மூன்றாவது மருந்திலோ பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தோ நின்றது வெறும் 4 பேருக்கு. இதனால்தான் சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று உலக வலிப்பு நோய் அமைப்பு 2010-ல் வரையறுத்தது. இரண்டு மருந்து, அவ்வளவுதான். ஏழாவது மருந்து வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

ஆனால் நடப்பது என்ன? பினிடாயினில் தொடங்கி, வால்ப்ரோயேட், லெவிடிராசிட்டாம், குளோபசாம் என்று சீட்டு நீண்டுகொண்டே போகிறது. ஈறு வீங்கி, எந்நேரமும் தூங்கி வழிந்து, படிப்பும் வேலையும் போன பிறகுதான் பெரிய மருத்துவமனை ஞாபகம் வருகிறது. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு 1000-க்கு ஒருவர் திடீரென்று காரணம் தெரியாமல் இறக்கிறார். வலிப்பு கட்டுப்படாதவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சும்மா இருப்பதும் பாதுகாப்பு இல்லை.

இதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மாத்திரையை உண்மையிலேயே தினமும் சாப்பிடுகிறாரா? மாதத்துக்கு அறுபது மாத்திரை வேண்டியவர் நாற்பது வாங்கிப் போவதை நான் பார்க்கிறேன். காசு தட்டுப்பாடு, விரதம், அறுவடை நேரத்து அலைச்சல் என்று காரணம் இருக்கும். ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மறுநாள் வலிப்பு வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

அந்தப் பரிசோதனையில் என்னவெல்லாம் செய்வார்கள்?

மருத்துவமனையில் சில நாள் தங்கவைத்து, தலையில் வயர்களை ஒட்டி, இரவு பகலாக வீடியோவும், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யும் சேர்த்து எடுப்பார்கள். மாத்திரையை அவர்களே குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வீட்டார் இதைப் பார்த்துப் பதறுவது சகஜம். வலிப்பு வந்தால்தான் அது மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்று தெரியும். கூடவே வலிப்புக்கென்றே தனி முறையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ., நினைவாற்றல் சோதனை, சிலருக்கு பெட் ஸ்கேன். இவையெல்லாம் ஒரே இடத்தைக் காட்டினால் அடுத்த பேச்சு. காட்டாவிட்டால் மண்டைக்குள்ளேயே மெல்லிய மின்முனைகளை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பரிசோதனை முடிந்து "உங்களுக்கு அறுவையும் வேண்டாம், லேசரும் வேண்டாம்" என்று அனுப்பப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மருந்து சரியாக மாற்றி அமைக்கப்படுகிறது. போனது வீண் இல்லை.

லேசருக்குப் பொருத்தமான வலிப்பு எப்படி இருக்கும்?

கை கால் வெட்டி இழுத்து, நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நினைக்கிறோம். லேசருக்கு அதிகம் பொருந்துவது வேறு மாதிரி. எங்கள் கடைக்கு வரும் ஒரு அக்காவுக்குக் கடையில் நிற்கும்போதே வந்தது. பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கண் திறந்துதான் இருந்தது. வாய் எதையோ மெல்வதுபோல அசைந்தது. வலது கை முந்தானை நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு நிமிஷம் கழித்து, "சில்லறை கொடுத்தேனா?" என்று கேட்டார். கீழே விழவில்லை. அதனால் வீட்டில் பல வருஷம் அதை "பிரமை" என்றும், "அம்மன் வந்து போகிறாள்" என்றும் விட்டுவிட்டார்கள்.

காதுக்கு உள்பக்கமாக, மூளையின் பொட்டு மடல் என்ற பகுதியின் ஆழத்தில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி சுருங்கித் தழும்பாவதால் வருவது இந்த வகை. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். சின்ன வயதில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்த கதை பலருக்கு இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தழும்பு தெளிவாகத் தெரிந்தால், திறந்த அறுவையோ லேசரோ நல்ல பலன் தர வாய்ப்புண்டு.

இன்னொன்று அரிது, ஆனால் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தை காரணமே இல்லாமல், சந்தோஷமும் இல்லாமல், சில விநாடி சிரித்துவிட்டு நிறுத்துகிறது. ஒரு நாளில் பல முறை. தூக்கத்திலும் வருகிறது. "சாமி சிரிக்க வைக்குது" என்று விடாதீர்கள். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் ஹமார்டோமா என்ற பிறவிக் கட்டி இருந்தால் இப்படி வரும். திறந்து போய் எடுக்க மிகக் கடினமான இடம் அது. லேசர் அதிகம் கைகொடுக்கிற நோய்களில் இது முன்னால் நிற்கிறது. இந்தச் சிரிப்பு வலிப்பு பெரும்பாலான குழந்தைகளுக்கு நிற்கிறது என்று முடிவுகள் காட்டுகின்றன.

சி.டி. ஸ்கேனில் மூளையில் புழுக்கட்டி என்று எழுதியிருக்கிறது. லேசர் செய்யலாமா?

வேண்டாம். நம் நாட்டில் புதிதாக வலிப்பு வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிற காரணம் இது. நாடாப்புழுவின் முட்டை உணவு வழியாக உள்ளே போய், அதன் இளம்புழு மூளையில் தங்கிச் சாகும்போது சின்ன வளையமாகப் படத்தில் தெரியும். ஒற்றைப் புழுக்கட்டி பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை செய்த ஆராய்ச்சி உலக அளவில் பேர் பெற்றது. பெரும்பாலும் மாத்திரையிலேயே கரைந்துவிடும். பலருக்கு வலிப்பு மருந்தைக்கூட நீண்ட காலம் சாப்பிட வேண்டியிராது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, கேரட், முள்ளங்கியை ஓடுகிற சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

திறந்த அறுவை நல்லதா, லேசர் நல்லதா?

பொட்டு மடல் வலிப்புக்குத் திறந்த அறுவையின் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டது. கனடாவில் 80 நோயாளிகளை வைத்துச் செய்து 2001-ல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் அறுவைக்குப் போனவர்களில் 58 சதவீதம் பேர் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 8 சதவீதம் பேர்.

அனுபவமுள்ள இடங்களில் திறந்த அறுவைக்குப் பிறகு 100-க்கு 65, 70 பேருக்கு வலிப்பு நிற்கிறது. லேசரில் சுமார் 55 முதல் 60 பேருக்கு. வலிப்பை நிறுத்துவதில் திறந்த அறுவை கொஞ்சம் முன்னால்தான். வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதில் லேசர் முன்னால். பொருள்களின் பெயர், தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று வாயில் வருகிற திறமை லேசரில் நன்றாகக் காக்கப்படுகிறது, முக்கியமாக மொழி இருக்கிற இடது பக்கத்தில். வாத்தியார் வேலை, கணக்கு வேலை பார்க்கிறவருக்கு அது பெரிய விஷயம். லேசரில் வலிப்பு நிற்காவிட்டால் மறுபடியும் லேசரோ திறந்த அறுவையோ செய்துகொள்ள வழி இருக்கிறது.

என் அபிப்பிராயம் இது. உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல திறந்த அறுவை கிடைக்கும்போது, லேசர் வரட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது சரியில்லை.

ஆபத்து என்ன?

துளை சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று நினைக்க வேண்டாம். இழை போகிற வழியில் ரத்தக்கசிவு நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். பொட்டு மடலில் செய்யும்போது பார்வை நரம்புப் பாதை சூடுபட்டு, பார்வைப் பரப்பின் மேல் மூலையில் ஒரு பகுதி மறையலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் இரட்டையாகத் தெரியும். மூளை வீக்கத்தால் தலைவலி வரும். அதற்காக ஸ்டீராய்டு மாத்திரையை ஒன்றிரண்டு வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நாட்களில் சர்க்கரை எகிறும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். ஹைப்போதாலமஸில் செய்தால் ஹார்மோன், உப்பு அளவு, நினைவாற்றல் மூன்றையும் கவனிக்க வேண்டும்.

அப்பாவுக்கு மூளையில் புற்றுக்கட்டி. லேசர் வைத்தால் குணமாகுமா?

கிளையோபிளாஸ்டோமா என்ற, மூளையிலேயே தொடங்கி வேகமாக வளரும் வகை என்றால், லேசர் அதைக் குணமாக்காது. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். கட்டி ஆழத்தில் இருந்து திறந்து எடுக்க முடியாதபோதும், ஒருமுறை எடுத்த பிறகு மறுபடி வந்தபோதும், வயதும் உடம்பும் பெரிய அறுவையைத் தாங்காதபோதும், கட்டியின் அளவைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்க இது உதவலாம். அப்புறமும் கதிர்வீச்சு, கீமோ மாத்திரை தேவைப்படும். ஒரு இழையின் சூடு சுமார் 3 சென்டிமீட்டர் அகலம் வரைதான் ஒழுங்காகப் பரவும். பெரிய கட்டி பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தால், வீக்கம் கூடும் என்பதால் லேசர் சரிப்படாது.

நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து மூளைக்குப் பரவிய கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, சில மாதம் கழித்து அதே இடம் படத்தில் மறுபடி பெரிதாகத் தெரிவதுண்டு. புற்று திரும்பியதா, கதிர்வீச்சால் திசு செத்ததா என்ற குழப்பம் வரும். அங்கே லேசர் நல்ல கருவி. அதே துளை வழியாகச் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு, அப்போதே சிகிச்சையும் செய்யலாம்.

காமா நைஃப் என்பதும் இதுதானே?

வேறு. காமா நைஃபில் துளையே கிடையாது. வெளியிலிருந்து கதிர்வீச்சைப் பல திசைகளிலிருந்து ஒரு புள்ளியில் குவிப்பார்கள். வலிப்புக்குச் செய்தால் அதன் பலன் தெரிய மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். லேசரில் கதிர்வீச்சு இல்லை. திசு அன்றைக்கே அழியும்.

தஞ்சாவூரில் உண்டா? செலவு எவ்வளவு?

எனக்குத் தெரிந்து டெல்டா மாவட்டங்களில் லேசர் இல்லை. இந்தியாவிலேயே இது இன்னும் பரவலாகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒளியிழையை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், கூடவே எம்.ஆர்.ஐ. எந்திரத்தைப் பல மணி நேரம் ஒரே நோயாளிக்கு ஒதுக்க வேண்டும். செலவு ஏறுவது இதனால்தான். இதே கொள்கையில், லேசருக்குப் பதில் ரேடியோ அலையால் சூடாக்கும் முறை நம் நாட்டு வலிப்பு மையங்களில் நடக்கிறது. ஹைப்போதாலமஸ் கட்டிக்கும் அதைச் செய்கிறார்கள். டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

முதல் படி பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உண்டு. அங்கே காட்டி, மேல்பரிசோதனைக்குக் கடிதம் வாங்குங்கள். வலிப்பு அறுவையில் நீண்ட அனுபவமுள்ள இடங்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ். திருவனந்தபுரத்துக்குத் திருச்சியிலிருந்து நேராகப் பகல் ரயில் இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சை, எந்த மருத்துவமனை என்று பட்டியல் உண்டு. அட்மிஷன் போடுவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் சிகிச்சையின் பெயரை எழுதிக்கொடுத்து, உண்டா இல்லையா என்று கேட்டுவிடுங்கள். நிலத்தை அடமானம் வைத்துவிட்டு வந்து பிறகு கேட்கிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

லேசர் முடிந்து வந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. முதல் சில வாரம் வலிப்பு வந்தாலும் சிகிச்சை தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. வீக்கம் வடிகிற காலம் அது. பலனை ஓராண்டு கழித்துத்தான் எடைபோடுவார்கள். அதுவரை மாத்திரை முழுசாகத் தொடரும். குறைப்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயல் வேலைக்கு மெல்லத் திரும்பலாம். டிராக்டர், அறுவடை எந்திரம், தென்னை ஏறுவது, தனியாக மருந்து தெளிப்பது வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழியிலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். பைக் ஓட்டுவதை டாக்டர் சொல்லும்வரை மறந்துவிடுங்கள்.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிட்டால் நம் ஊரில் எல்லாரும் படித்துறைக்குத்தான் குளிக்கப் போவோம். வலிப்பு உள்ளவர், சிகிச்சை முடிந்து வலிப்பு நின்றது உறுதியாகாதவர், இடுப்பளவு தண்ணீரில்கூடத் தனியாக இறங்கக் கூடாது. வீட்டில் வாளியில் மொண்டு குளிக்கட்டும். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம். அடுப்படியிலும் தனியாக விடாதீர்கள்.

குணசீலம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். அதை முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாமா?

குணசீலம், வைத்தீஸ்வரன்கோயில், நாகூர், வேளாங்கண்ணி எல்லா இடத்துக்கும் போகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். போய்வாருங்கள். அங்கே தங்குகிற நாட்களிலும் மாத்திரை இரண்டு வேளையும் உள்ளே போகட்டும். டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். வேண்டுதலைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வலிப்பு இருந்தது தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா?

நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொல்லியிருந்த வார்த்தையை 1999-ல் நீக்கிவிட்டார்கள். மறைத்துக் கட்டிக்கொடுப்பதில்தான் ஆபத்து. புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிட முடியாமல், வேளை தவறி, சமையலறையில் வலிப்பு வந்து தீக்காயத்தோடு வருகிற பெண்களின் கதை நம் பக்கம் புதிதில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண் என்றால், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அந்த மருந்து கருவைப் பாதிக்கும். ஆனால் தானாக நிறுத்தவும் கூடாது.

வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுக்கலாமா?

சாவிக்கொத்து, அரிவாள், கம்பி எதுவும் வேண்டாம். வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நிற்கும், இரும்பால் நிற்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூக்கில் அடிக்கிற மிடாசொலாம் ஸ்பிரே இருக்கிறது. டாக்டர் சீட்டு வாங்கி வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு முதல்முறை போகும்போது எதை எடுத்துப் போவது?

வலிப்பு வரும்போது போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதுதான் முதலில். முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை எடுங்கள். வலிப்பு வந்த தேதிகளை எழுதிய ஒரு நோட்டு. இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயரும் அளவும், ஏன் நிறுத்தினீர்கள் என்பதும். பழைய சீட்டு தொலைந்திருந்தால் நீங்கள் வழக்கமாக மருந்து வாங்குகிற கடையில் கேளுங்கள், பில்லைப் பார்த்து எழுதித் தருவார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் பிலிமோடு, படங்கள் பதிவான கம்ப்யூட்டர் டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பிலிமை மட்டும் வைத்து ஹிப்போகேம்பஸ் தழும்பைப் பார்ப்பது கஷ்டம். டிஸ்க் இல்லையென்றால் பெரும்பாலும் மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.